லேண்ட் ரோவரின் துருப்பிடித்த மேல்கதவு: ஒட்டுப் போடுவதா, புதிது வாங்குவதா?

போச்சம்பள்ளியிலிருந்து சந்தூர் போகும் வழியில் எங்கள் மாந்தோப்பு இருக்கிறது. அங்கே ஒரு லேண்ட் ரோவர் நிற்கிறது. சீரீஸ் 3, 1974-ஆம் வருஷத்து வண்டி. ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்துக்காரரிடமிருந்து அப்பா வாங்கி வந்தது. பிறகு இருபது வருஷத்துக்கு மேல் மாங்கூடை சுமந்து கிருஷ்ணகிரி மண்டிக்குப் போய் வந்திருக்கிறது. நான் கியர் போடப் பழகியதும் அதில்தான்.

ஐப்பசி மழையில் ஒரு நாள் வலப்பக்கக் கண்ணாடியைத் தள்ளினேன், நகரவில்லை. கொஞ்சம் அழுத்தித் தள்ளியதும் கண்ணாடி ஓடும் கால்வாயிலிருந்து ஒரு துண்டு உடைந்து கையோடு வந்தது. அப்பளம் அடுக்கியது போல ஏடு ஏடாகத் துரு. அதன் அடியில் இரும்பு என்று சொல்ல எதுவும் மிச்சமில்லை. இடப்பக்கமும் கிட்டத்தட்ட அதே கதியில்தான் இருந்தது, கொஞ்சம் தேவலை.

அதற்குப் பிறகு ஒரு கதவுக்கு ஒட்டுப் போட்டேன், மற்றதைப் புதிதாக வரவழைத்தேன். மூன்று மழைக்காலம் ஒரே வண்டியில் இரண்டையும் பக்கத்துக்குப் பக்கம் பார்த்தாகிவிட்டது. இதே யோசனையில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

சீரீஸ் வண்டியின் கதவு இரண்டு துண்டு. கீழ்ப்பாதி தனி, கண்ணாடியோடு கூடிய மேல்பாதி தனி. மேல்பாதியை நட்டு போட்டுக் கீழ்ப்பாதியோடு முடுக்கியிருப்பார்கள். கழற்றினால் முழுசாகக் கையில் வந்துவிடும். மேல்கதவின் உள்ளே இரும்புத் தகட்டை மடித்துச் செய்த சட்டம், வெளியே அலுமினியத் தோல். லேண்ட் ரோவர் 1948 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் முதன்முதல் வெளிவந்தபோது இங்கிலாந்தில் போருக்குப் பிந்தைய இரும்புத் தட்டுப்பாடு. அதனால் பாடியைப் பெரும்பாலும் பிர்மாபிரைட் என்ற அலுமினியக் கலவையில் செய்தார்கள். "அலுமினிய வண்டிதானே, துரு எங்கே வரும்" என்று நம்மூரில் பலர் நினைப்பதற்கு அதுதான் காரணம். துரு இருப்பது தோலுக்கு உள்ளே. கண்ணுக்குத் தெரியும்போது பாதி வேலை முடிந்திருக்கும்.

இரும்பும் அலுமினியமும் ஒட்டியிருக்கும் இடத்தில் ஈரம் நின்றால் இரண்டுக்கும் நடுவே ஒரு சின்ன பேட்டரி உருவாகிவிடுகிறது. அதில் தேய்வது அலுமினியம்; விளிம்பில் சுண்ணாம்பு போல வெள்ளைத்தூள் கட்டும். இரும்பு தன் பங்குக்கு ஈரத்தில் துருப்பிடிக்கிறது. துருவுக்கு இரும்பைவிடப் பல மடங்கு இடம் வேண்டும் என்பதால் அது தோலை உள்ளிருந்து வெளியே தள்ளும். மேல்கதவின் அடிப்பட்டை எங்காவது உப்பித் தெரிந்தால் உள்ளே இதுதான் நடக்கிறது.

எங்கள் பக்கம் கடற்காற்றும் இல்லை, குளிர்நாடுகள் மாதிரி பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவுவதும் இல்லை. கிருஷ்ணகிரி, தருமபுரி இரண்டும் வறண்ட மேட்டு நிலம். காற்றால் இவ்வளவு துரு வராது. எங்கிருந்து வந்தது என்று பார்த்தபோது கால்வாயின் வெல்வெட் பீடிங்கை, அதாவது கண்ணாடி உரசாமல் ஓட உள்ளே ஒட்டியிருக்கும் பட்டையை உரித்தேன். அடியில் கறுப்பாக, பிசுபிசுப்பாக, களி மாதிரி ஒரு படிவு. வண்டி நிற்பது மாமரத்தடி. தை, மாசியில் பூ எடுக்கும்போது தத்துப்பூச்சி தேன் போன்ற ஒரு திரவத்தைச் சொரியும். மரத்தடியில் நின்ற எந்த வண்டியின் கண்ணாடியையும் தொட்டுப் பாருங்கள், கை ஒட்டும். அந்தப் பிசின் மேல் செம்மண் தூசி படிந்து, உதிர்ந்த பூ விழுந்து, தண்ணீர் வடியும் ஓட்டைகளை வருஷக்கணக்கில் அடைத்திருக்கிறது. பீடிங் பஞ்சு போல நீரைக் குடித்துக்கொண்டு வாரக்கணக்கில் ஈரமாகவே இருந்திருக்கிறது.

இது தெரிந்ததும் என் கணக்கு மாறியது. துரு காற்றிலிருந்து வருகிறதென்றால் எவ்வளவு ஒட்டுப் போட்டாலும் திரும்ப வரும், துத்தநாகம் பூசிய புதுக் கதவுதான் கதி. தேங்கும் தண்ணீரால் வருகிறதென்றால் வடிகாலைச் சரிசெய்த ஒட்டு இந்த ஊரில் நின்று பிடிக்கும். இங்கிலாந்துக்காரர்கள் "மாற்றிவிடு" என்று சொல்வது அவர்கள் ஊர் ரோட்டுக்குச் சரி. நமக்கு அது அப்படியே பொருந்தாது.

அடுத்தது, எவ்வளவு போயிருக்கிறது என்று பார்ப்பது. கிருஷ்ணகிரி பழையபேட்டையில் ஒரு டிங்கர் பாய் எனக்கு ஒரு வழி காட்டினார். பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தத்தைத் துணியில் சுற்றி அலுமினியத் தோலின் மேல் மெல்ல நகர்த்தச் சொன்னார். தோல் மெல்லிசு என்பதால் உள்ளே நல்ல இரும்பு இருக்கும் இடத்தில் காந்தம் இழுக்கும். இரும்பு துருவாகிவிட்ட இடத்தில் இழுப்பு செத்துவிடும். முன்பு யாராவது பட்டி வைத்து மெழுகியிருந்தாலும் அப்படித்தான். இழுப்பு இல்லாத இடங்களைச் சாக்பீஸில் குறித்துக்கொண்டே போனேன். இடக்கதவில் அடிச்சட்டம் முழுக்கக் கோடு விழுந்தது, நான்கு மூலையும் தப்பித்தன. வலக்கதவில் அடிச்சட்டத்தோடு பின்மூலையும் போயிருந்தது. பாய் அந்த மூலையை ஸ்க்ரூடிரைவர் முனையால் தொட்டார், உள்ளே இறங்கிவிட்டது.

"தம்பி, இங்க சட்டம் போயி ரொம்ப நாளாச்சு. துருதான் இப்ப சட்டமா நிக்குது. தொட்டா கொட்டிடும்."

நான் நம்பும் அளவுகோல் இந்த மூலைதான். நேராக ஓடும் சட்டம் எவ்வளவு இத்துப்போனாலும் வெட்டி வேறு வைத்துவிடலாம், அளவு எடுக்க இரண்டு முனையும் இருக்கிறது. மூலை போய்விட்டால் கதவின் கோணமே தொலைந்துவிடுகிறது. அதிலும் சீரீஸ் வண்டியின் மேல்கதவு மேலே போகப் போக உள்பக்கம் லேசாகச் சாயும், முன்பக்கம் கண்ணாடிச் சட்டத்தை ஒட்டிச் சரிந்து வரும். அந்தச் சாய்வை மறுபடி கொண்டுவருவது பெரிய வேலை.

அதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். பாயிடம் போவதற்கு முன்பே, அவசரத்தில், வலக்கதவை வேறொரு பட்டறையில் கொடுத்திருந்தேன். அவர்கள் அதைத் தரையில் கிடத்தி, இத்த பகுதி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் வெட்டிவிட்டு, சாதாரண ராடு வெல்டிங்கில் தகடு வைத்தார்கள். பார்வைக்கு அழகாகத்தான் இருந்தது. மாட்டினால் பின்மூலையில் 8 மில்லிமீட்டர் இடைவெளி. தொப்பூர் கணவாயில் இறங்கும்போது அந்த இடுக்கில் காற்று விசிலடித்தது, மழையில் என் வலத்தோள் முழுக்க நனைந்தது. ஒரு வருஷத்தில் ராடு வைத்த இடத்தைச் சுற்றியே மறுபடி ஓட்டை. பாய் ஸ்க்ரூடிரைவரை இறக்கியது அதே மூலையில்தான்.

இனி ஒவ்வொரு வழியாக.

பட்டி, ஃபைபர் வைத்து மூடுவதைப் பற்றி நீட்ட வேண்டாம். விற்கப்போகிறவர்கள் செய்கிற வேலை அது, வாங்குகிறவரை ஏமாற்றுவது. ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டுவதால் மிச்சமிருக்கும் இரும்பும் சீக்கிரம் போகும்.

வெட்டி ஒட்டுப் போடுவது முறையாகச் செய்தால் நல்ல வழி. எங்கள் இடக்கதவுக்கு அதைத்தான் செய்தோம். வெளித்தோலின் மடிப்பை நிமிர்த்தி அடிப்பட்டையைத் திறக்க வேண்டும், கஷ்டமான கட்டம் அதுதான். ஐம்பது வருஷத்து அலுமினியம் விறைத்துப்போயிருக்கும், அப்படியே நிமிர்த்தினால் மடிப்பில் விரிந்துவிடும். சூடுகாட்டி இளக்க வேண்டும். ஆனால் இரும்பு மாதிரி அலுமினியம் சிவந்து எச்சரிக்காது. தூய அலுமினியம் 660 டிகிரியில் நிறம் மாறாமலேயே உருகி விழும், இந்தக் கலவை அதற்கும் முன்பே. பாய் துணி சோப்புக் கட்டியை எடுத்து மடிப்பு நெடுகத் தேய்த்தார். கேஸ் ஜுவாலையைத் தள்ளிப் பிடித்து மெல்லக் காட்டினார். சோப்பு மஞ்சளாகி, பழுப்பாகி, கறுத்த நொடியில் ஜுவாலையை எடுத்துவிட்டார். ஆறியதும் மடிப்பு ஈயத்தகடு போல வளைந்து கொடுத்தது. வேலை முழுவதிலும் நான் வாய்பிளந்து பார்த்தது இதைத்தான்.

பிறகு 20 கேஜ், அதாவது சுமார் 0.9 மில்லிமீட்டர் சி.ஆர். (குளிர்நிலையில் உருட்டிய இரும்பு) தகட்டைப் பெண்டிங் கடையில் பழைய சட்டத்தின் அதே வடிவத்தில் மடித்து வாங்கினோம். இந்தத் தடிமனுக்கு ராடு வெல்டிங் ஆகாது, ஓட்டை விழும். கார்பன் டை ஆக்சைடு வாயுவோடு மெல்லிய கம்பியை ஊட்டிச் செய்யும் சி.ஓ.2 வெல்டிங்தான் வேண்டும், அதுவும் புள்ளி புள்ளியாக, இடம் மாற்றி மாற்றி, ஆறவிட்டு ஆறவிட்டு. எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று: மேல்கதவை வண்டியிலேயே மாட்டி, கதவைச் சாத்தி, கூரையோடு பொருந்துகிறதா என்று பார்த்துக்கொண்டே புள்ளி வைக்க வேண்டும். நாலைந்து புள்ளி விழுந்து சட்டம் நின்ற பிறகுதான் கழற்றலாம். என் முதல் பட்டறை இதைச் செய்திருந்தால் வலக்கதவும் ஒருவேளை பிழைத்திருக்கும்.

வெல்டிங் முடிந்ததும் சட்டத்தின் உள்ளும் புறமும் எபாக்ஸி பிரைமர். அலுமினியத் தோலின் உட்பக்கத்துக்கும் அதே பூச்சு, இரண்டும் நேரடியாகத் தொடாதபடி நடுவே பியூட்டைல் என்ற ஒட்டும் ரப்பர் டேப். ரிவெட் வேண்டிய இடத்தில் அலுமினிய ரிவெட் மட்டும். அடிச்சட்டத்தில் 6 மில்லிமீட்டரில் மூன்று வடிகால் ஓட்டை, பிரைமர் அடிப்பதற்கு முன்பே போட்டது. பிறகு போட்டால் ஓட்டையின் விளிம்பு வெறும் இரும்பாக நிற்கும், துரு அங்கேயே தொடங்கும். பழைய இன்ஜின் ஆயிலை உள்ளே ஊற்றச் சொல்லிப் பலர் யோசனை சொன்னார்கள். நான் ஊற்றவில்லை. அது பீடிங் ரப்பரைக் கெடுக்கும், தூசியையும் பிடித்து வைக்கும். துருத்தடுப்பு மெழுகு ஸ்ப்ரே கிடைக்கிறது, அது போதும். பெயின்ட் தவிர எல்லாம் சேர்த்து ஒரு கதவுக்கு 9,000 ரூபாய் ஆனது. பாய்க்கு நான்கு நாள் வேலை.

உள்ளூரிலேயே முழுதாகப் புதிது செய்துகொள்வது மூன்றாவது வழி. ஓசூரில் லேசர் கட்டிங், பெண்டிங் கடைகளுக்குப் பஞ்சமில்லை. வரைபடம் கொடுத்தால் எதையும் வெட்டித் தருவார்கள். ஒரே ஒரு ஜோடிக்கு வரைபடம் போடுவதும் மெஷினை அமைப்பதும்தான் பெரிய செலவு, தகடு விலை அதற்கு முன்னால் ஒன்றுமில்லை. நான்கைந்து வண்டிக்காரர்கள் சேர்ந்தால் இது நல்ல வழி. தனி ஆளுக்குக் கட்டாது. நாமக்கல் பக்கம் லாரிக்குப் பாடி கட்டுகிறவர்களிடம் ஒரு நண்பர் ஸ்கொயர் பைப்பில் செய்து வாங்கினார். யானை மிதித்தாலும் நசுங்காது. ஆனால் கனம் அதிகம். கதவின் கீல் மாட்டியிருப்பது முன்பக்க பல்க்ஹெட்டில் (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள சுவர்), அதுவும் இரும்பு, அதுவும் ஐம்பது வயது. ஆறே மாதத்தில் கதவு தொங்கிவிட்டது.

"பக்கத்தில் சேலம் இரும்பாலையே இருக்கும்போது ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் சட்டம் செய்தால் துருவே பிடிக்காதே" என்றும் சொல்வார்கள். எனக்கும் அந்த ஆசை வந்தது. சட்டத்துக்குத் துரு வராது, உண்மை. ஆனால் ஸ்டெயின்லெஸ்ஸை ஒட்டியிருந்தாலும் ஈரத்தில் அலுமினியம் அரிபடும். சட்டத்தைக் காப்பாற்றப் போய்த் தோலை இழப்போம். எப்படியும் மாற்றிவிடக்கூடிய சட்டத்துக்காக, கிடைக்காத பழைய தோலைப் பலிகொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகட்டில் செய்வோம் என்றால் வெல்டிங் வைக்கும் இடத்தில் துத்தநாகம் எரிந்துபோகும். துத்தநாகம் 907 டிகிரியில் ஆவியாகிவிடும், வெல்டிங் சூடு அதைவிட எவ்வளவோ மேலே. அந்த வெள்ளைப்புகையைச் சுவாசித்த வெல்டருக்கு ராத்திரி குளிர்காய்ச்சல் வரும். சாதாத் தகட்டில் செய்து முடித்துத் துத்தநாகத் தொட்டியில் முக்கலாமென்றால் தொட்டியின் சூடு சுமார் 450 டிகிரி, மெல்லிய சட்டம் முறுக்கிக்கொள்ள வாய்ப்பு அதிகம். மூடிய குழாயாக இருந்தால் காற்று போக ஓட்டையும் விட வேண்டும், இல்லாவிட்டால் தொட்டியில் வெடிக்கும்.

பழைய உதிரி தேடுவது சுருக்கமாக: சென்னை புதுப்பேட்டை வரை போய்ப் பார்த்தேன். மஹிந்திரா ஜீப்புக்கு என்னவெல்லாமோ இருந்தது. லேண்ட் ரோவர் மேல்கதவு கிடைக்கவில்லை. கிடைத்தாலும் அதே வயது, அதே துரு.

கடைசி வழி, இங்கிலாந்திலிருந்து வரவழைப்பது. துத்தநாகம் பூசிய இரும்பிலும் கிடைக்கிறது, முழு அலுமினியத்திலும் கிடைக்கிறது. மூலை போன எங்கள் வலக்கதவுக்கு நான் எடுத்தது முதல் வகை. இதில் பலர் கவனிக்காத செலவு சரக்குக் கட்டணம். விமானக் கூரியர்காரர்கள் உண்மையான எடை, பெட்டியின் பருமனால் வரும் எடை, இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் காசு வாங்குவார்கள். நீள, அகல, உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுப்பது வழக்கம். ஒரு மேல்கதவுக்கு 95, 60, 15 என்ற அளவில் பெட்டி வந்தால் 17.1 கிலோ. இரண்டைச் சேர்த்து அடுக்கி உயரம் 20 ஆனால் 22.8 கிலோ. இரண்டாவது கதவுக்குக் கூடுவது ஆறு கிலோகூட இல்லை. ஆகவே இரண்டும் போயிருந்தால் இரண்டையும் ஒன்றாக வரவழையுங்கள். சுங்கவரியையும் பொருளின் விலைக்கு மட்டும் போடுவதில்லை, சரக்குக் கட்டணமும் காப்பீடும் சேர்ந்த தொகைக்குப் போடுவார்கள். எனக்கு ஒரு கதவு வீடு வந்து சேர்ந்த விலையில், இடக்கதவு மாதிரி நான்கு ஒட்டு வேலை செய்திருக்கலாம்.

புதுக் கதவு வந்து இறங்கியதும் வேலை முடிந்துவிடும் என்றும் நினைக்காதீர்கள். எங்கள் வண்டியின் கூரை ஐம்பது வருஷத்தில் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. புதுக் கதவோ இறங்காத கூரைக்கான பொது அளவில் வந்திருக்கிறது. துளைகளை அரம் போட்டு நீட்டித்தான் உட்கார வைத்தோம். அதன்பின் பெயின்ட். பெயின்டர் வழக்கம்போல் ரெட் ஆக்சைடு அடித்து மேலே எனாமல் அடித்தார், நானும் தடுக்கவில்லை. எண்ணெய் சார்ந்த பெயின்ட் துத்தநாகத்தின் மேல் நேரடியாகப் பட்டால் நாளடைவில் அடியில் சோப்பு போன்ற ஒரு படலம் உண்டாகி, பெயின்ட் தோல் தோலாக உரியும். இரண்டாவது வருஷமே உரிந்தது. துத்தநாகத்துக்கென்று உள்ள எட்ச் பிரைமரை முதலில் அடித்திருக்க வேண்டும். சட்டத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் பார்க்கச் சகிக்கவில்லை.

இன்னொரு விஷயமும் முடிவைப் பாதிக்கலாம். 2021-இல் வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தப்படி, முதல் பதிவாகி 50 வருஷம் கடந்த வண்டியை விண்டேஜ் வாகனமாகப் பதியலாம். வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும், சேஸிலும் பாடியிலும் இன்ஜினிலும் பெரிய மாற்றம் கூடாது. புதுப்பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருஷத்துக்குச் செல்லும். அந்த எண்ணம் இருந்தால் பழைய கதவின் தோலையும் வடிவத்தையும் காப்பாற்றும் ஒட்டு வேலை மேல், ஸ்கொயர் பைப் பக்கமே போகாதீர்கள். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைத் தினசரி ஓட்ட முடியாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு என்று சிலவற்றுக்கு மட்டும்தான் ரோட்டில் இறக்கலாம். மாங்கூடை ஏற்ற முடியாது. அதனால் நாங்கள் விண்ணப்பிக்கவில்லை.

அடிச்சட்டம் மட்டும் போயிருந்து மூலைகள் நன்றாக இருந்தால் நான் யோசிக்காமல் ஒட்டு வேலைக்குத்தான் போவேன், சி.ஓ.2 வெல்டிங்கில் பொறுமையான கை கிடைக்கிற பட்சத்தில். ஒரு மூலை போயிருந்தாலும் அந்தக் கதவுக்குப் புதிது. இரண்டு கதவிலும் மூலை போயிருந்தால் ஜோடியாக. கையில் பணம் இல்லையென்றால் மேல்கதவைக் கழற்றி வைத்துவிட்டு, சித்திரை, வைகாசியைக் கீழ்க்கதவோடு ஓட்டிக் கழிக்கலாம், ஒகேனக்கல் பக்கம் போகும்போது காற்றும் நன்றாக வரும். தப்பான பட்டறையில் அவசரமாகக் கொடுப்பதைவிட ஒரு கோடை காத்திருப்பது எவ்வளவோ தேவலை.

போன மழை முடிந்ததும் இரண்டு பக்கமும் பீடிங்கை எடுத்துப் பார்த்தேன். இடக்கதவின் அடிச்சட்டத்தில் பிரைமர் பூசிய அன்றைக்கு இருந்த மாதிரியே சாம்பல் நிறம். ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினேன், மூன்று ஓட்டையிலும் நூல் பிடித்தது போல இறங்கியது. கண்ணாடி ஒரே விரலுக்கு நகர்கிறது. வலக்கதவில் பெயின்டைச் சுரண்டிவிட்டு எட்ச் பிரைமரிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும், அடியில் துத்தநாகம் பளபளவென்று இருக்கிறது. இரண்டு கால்வாயிலும் ஓரத்தில் அந்தக் கறுப்புப் பிசின் மறுபடி கொஞ்சம் சேர ஆரம்பித்திருந்தது. பல் விளக்கும் பிரஷ்ஷும் வெந்நீரும் வைத்துத் தேய்த்து எடுத்தேன். தை பிறந்து பூ எடுப்பதற்குள் வண்டியை மாமரத்தடியிலிருந்து நகர்த்த வேண்டும். கொட்டகைக்குத் தகரமும் பைப்பும் வாங்கி வந்து போட்டாயிற்று, குழி தோண்டத்தான் ஆள் வர வேண்டும்.